ஹெரால்டு, ஐகான், கேமன்: ஒகேனக்கல் சாலையில் ஓர் அளவெடுப்பு

கார் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர், "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா சார்?" என்பார். பக்கத்தில் ஓர் இளைஞர் இருந்தால் உடனே பதில் வரும்: "ஏசி இல்ல, பவர் ஸ்டியரிங் இல்ல, பிரேக்கும் பிடிக்காது. அதுல என்ன சார் சுகம்?" ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் இந்தச் சண்டை இன்னும் கடுமையாக நடக்கும். 1960களின் சின்னஞ்சிறு திறந்த கார்களா, இன்றைய 300, 400 குதிரைத்திறன் கார்களா? எது ஓட்டுவதற்குச் சுகம்?

பொதுவாக இதற்குப் பதிலாக ஆளுக்கொரு நினைவைத்தான் சொல்வோம். நினைவு பொல்லாதது. இருபது வயதில் ஓட்டிய எந்த வண்டியும் சுகமாகத்தான் இருந்திருக்கும், வண்டியினால் அல்ல, வயதினால். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வரலாற்றோடும், கொஞ்சம் கணக்கோடும் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், ஆட்டோமொபைல் நிபுணன் இல்லை. ஆனால் மூன்று தலைமுறைக் கார்களை ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு சில வருட இடைவெளிகளில் அமைந்தது. அந்தச் சாலை, தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் சாலை.

ஏன் ஒகேனக்கல்?

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை சாதாரண மேட்டுநிலச் சாலை. அதற்கப்புறம்தான் கதை. காட்டுக்குள் நுழைந்து, காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. ஏற்காடு, கொல்லிமலை போலக் கொண்டை ஊசி வளைவுகளின் அணிவகுப்பு கிடையாது. ஆனால் எல்லா வகை வளைவும் இருக்கிறது: நெருக்கமானது, அகலமானது, உள்ளே போகப்போக இறுகுவது. நடுநடுவே சிறு நேர்ப்பகுதிகள். அருவிக்குப் பெயர் கொடுத்த கன்னடச் சொற்களுக்குப் 'புகையும் கல்' என்று பொருள். எண்ணெய் மசாஜும் மீன் வறுவலும் பரிசலும்தான் ஊரின் அடையாளம். ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கடைசிப் பதினாறு கிலோமீட்டரும் ஓர் அடையாளம்.

ஒரு காரின் குணத்தை அறிய நெடுஞ்சாலை உதவாது. அங்கே எல்லாக் காரும் நேராகத்தான் போகும். ஒகேனக்கல் மாதிரி ஒரு சாலைதான் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கியர், டயர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும். அதனால்தான் அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

வண்டலூர் பக்கம் பிறந்த பாதி ஸ்போர்ட்ஸ் கார்

1960களில் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று தயாராகவே இல்லை. இருந்தது மூன்று கார். உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இந்த மூன்றில் ஒன்றுக்கே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம்.

ஆனால் அந்த மூன்றில் ஹெரால்டு கொஞ்சம் வித்தியாசமான பிறவி. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போது பெரும்பாலான கார்கள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாக்கி ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் உடல் என்று பழைய முறைக்கே போனார்கள்.

இந்த நிர்ப்பந்தம் ஒரு வரமாக முடிந்தது. தனிச் சேஸிஸ் இருந்தால் அதைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே வேறு உடலை உட்கார வைக்கலாம், இல்லையா? அதைத்தான் செய்தார்கள். 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். வடிவமைப்பாளரும் அதே மிக்கெலோட்டி. 1980 வரை உலகம் முழுக்க விற்ற பிரபலமான கார் அது.

அதாவது 1961 முதல் ஜிஎஸ்டி சாலையில் தயாராகி, நம்மூர் டாக்டர்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் ஓட்டிய ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன். இன்ஜின் மட்டும் சிறியது, 948 சிசி. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். மொத்த முன்பகுதியும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். திறந்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜினை நோண்டலாம். திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. அம்பாசடர் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பிவிடும்.

ஒரு பெரிய குறையும் இருந்தது. பின் சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்சில்' முறையில் அமைந்தவை. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பக்கம் மேலெழும். சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கும். பிடிப்பு போய்ப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வரும். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயருக்கு 1970இல் பின் ஸ்பிரிங்கை மாற்றி இதைச் சரிசெய்தார்கள். இங்கே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1970களில் கொண்டுவந்த கெஸல் காரில் அந்தப் பின் அமைப்பையே தூக்கிவிட்டு, சாதாரண முழு ஆக்சிலுக்குப் போய்விட்டது.

அந்தக் குறையே ஒரு வாத்தியாராகவும் இருந்தது. ஹெரால்டு ஓட்டியவர்கள் ஒரு விதியைக் கற்றே ஆக வேண்டியிருந்தது: வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறை, வளைவுக்குள் மெல்லிசாக ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே போ, நடுவில் மனசு மாறாதே. உலகத்துப் பந்தயப் பள்ளிகள் எல்லாம் முதல் நாள் சொல்லித்தருவது ஏறக்குறைய இதுதான்.

சோழவரம்: இருந்ததை வைத்து ஓட்டியவர்கள்

"நம்மூர் கார்களில் எல்லாம் என்னய்யா ஸ்போர்ட்ஸ்?" என்று கேட்கலாம். பதில் சோழவரத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. 1980களின் இறுதி வரை இந்திய மோட்டார் பந்தயத்துக்குத் தலைநகர் என்றால் சோழவரம்தான். இறக்குமதியான அபூர்வக் கார்களும் ஓடின. 1980களில் விஜய் மல்லையா ஓர் என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் பந்தயத்தின் முதுகெலும்பு அதுவல்ல. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று தெருவில் ஓடிய வண்டிகள்தான். இருக்கையைக் கழற்றி எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, இன்ஜின் ஹெட்டைச் சீவி, எப்படியாவது இன்னும் நாலு குதிரையைப் பிழிந்தெடுப்பார்கள்.

1980களின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் வந்தது. இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்டது. ஃபைபர் கிளாஸ் உடல், 848 சிசி அலுமினிய இன்ஜின், பின் சக்கர இயக்கம். குடும்பக் காராக அது தோற்றுப்போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அதன் கதை முடிந்தது. ஆனால் பந்தயக்காரர்களும் ராலிக்காரர்களும் அதைக் கொண்டாடினார்கள். காரணம் ஒன்றே ஒன்று: எடை. வண்டி காகிதம் மாதிரி லேசு.

அடுத்த அத்தியாயம் கோவை. ஜவுளித் தொழில் குடும்பத்திலிருந்து வந்த எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 796 சிசி, மூன்று சிலிண்டர். காய்கறி வாங்கப் போகும் காரின் இன்ஜின். ஆனால் எல்லாருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின் என்பதால் வித்தியாசம் ஓட்டுகிறவனிடம் மட்டும்தான். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயம் ஓட்டிய ஒரு கோவைப் பையன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். நாராயண் கார்த்திகேயன். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலி சாம்பியன். கரிவரதன் இதைப் பார்க்கவில்லை. 1995இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. முப்பது, நாற்பது குதிரைத்திறனில் இவ்வளவு பேர் இவ்வளவு வருடம் சந்தோஷமாகப் பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், ஓட்டும் சுகத்துக்கும் குதிரைத்திறனுக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு நெருக்கமான உறவு இல்லை.

மூன்று கார், ஒரே சாலை

இனி கணக்குக்கு வருவோம். நான் ஒகேனக்கல் சாலையில் ஓட்டிய மூன்று கார்கள் இவை.

ஒன்று, சேலத்து நண்பர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும் இரண்டு கதவு ஹெரால்டு. சுமார் 35 குதிரைத்திறன், எடை 800 கிலோ அளவில். இரண்டு, நான் வைத்திருந்த ஃபோர்டு ஐகான் 1.6. இதுவும் ஜிஎஸ்டி சாலைக்காரர்தான். ஹெரால்டு பிறந்த வண்டலூருக்குத் தெற்கே, மறைமலை நகர் ஆலையில் 1999இல் தயாராகத் தொடங்கியது. 'ஜோஷ் மெஷின்' விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 90 சொச்சம் குதிரைத்திறன், எடை சுமார் ஒரு டன். மூன்று, பெங்களூர் நண்பரின் போர்ஷே 718 கேமன். 300 குதிரைத்திறன், எடை 1,350 கிலோ அளவில்.

ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் ஹெரால்டு 44, ஐகான் 90, கேமன் 220. ஹெரால்டைவிடக் கேமனுக்கு ஐந்து மடங்கு.

சரி, வளைவில் போகும் வேகம் ஐந்து மடங்கு கூடுமா? கூடாது. இங்கேதான் சுவாரஸ்யம். வளைவில் ஒரு கார் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை இன்ஜின் தீர்மானிப்பதில்லை, டயரின் பிடிப்புதான் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூட இயற்பியல்தான்: உராய்வுக் கெழு, புவியீர்ப்பு, வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். பழைய ஒல்லி டயருக்கு உராய்வுக் கெழு 0.7 என்றும், இன்றைய ஸ்போர்ட்ஸ் டயருக்கு 1.0 என்றும் வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவில் பழைய கார் மணிக்கு 36 கி.மீ., புதிய கார் 44 கி.மீ. 50 மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் 67க்கு 80. இவை வெறும் கோட்பாட்டு உச்சங்கள். பொதுச்சாலையில் யாரும் இதற்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள், வித்தியாசம் சுமார் இருபது சதவீதம்தான்.

ஆக, இன்ஜின் சக்தி ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது. வளைவு வேகம் 1.2 மடங்குதான் ஏறியிருக்கிறது. சாலையோ அப்படியே இருக்கிறது. எதிரே அதே அரசுப் பேருந்து, ஓரத்தில் அதே குரங்குக் கூட்டம். மலையை யாரும் நிமிர்த்திவைக்கவில்லை.

இதன் விளைவை ஓட்டிப் பார்த்தால் உடனே புரியும். ஹெரால்டில் ஒரு வளைவைத் தாண்டினதும் ஆக்சிலரேட்டரை அடிமட்டம் வரை மிதிக்கலாம். இன்ஜின் கத்தும், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுவோம், வேகம் 50, 55 ஆகும்போது அடுத்த வளைவு வந்துவிடும். மறுபடி கிளட்ச், மறுபடி இரண்டாவது கியர். இரண்டு கை, இரண்டு கால், காது எல்லாவற்றுக்கும் ஓயாமல் வேலை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஒரு பந்தயமே நடந்துகொண்டிருக்கும். பின்னால் வரும் டிவிஎஸ் 50காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது!

கேமனில்? அதே நேர்ப்பகுதியில் இரண்டு விநாடி மிதித்தால் அதிகம். உடனே காலை எடுத்தாக வேண்டும். இன்ஜின் தன் பாட்டைத் தொடங்கும் முன்னாலேயே வாயைப் பொத்திவிடுகிறோம். கார் அற்புதமானது, அதில் சந்தேகமே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் நினைத்த கோட்டில் போய் நிற்கிறது. பிரேக் பிடித்தால் நங்கூரம் போட்ட மாதிரி. ஆனால் மலையை விட்டு இறங்கும் வரை அதன் திறமையில் கால்வாசியைக்கூட நான் தொடவில்லை. ஓட்டிய நண்பரும் தொடவில்லை, தொட்டிருந்தால் நான் இறங்கி பஸ்ஸில் போயிருப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. 64 கோர் சர்வர் வாங்கிவைத்து அதில் ஒரு சின்ன இணையதளத்தை ஓட்டினால், சர்வர் நூற்றுக்கு இரண்டு சதவீத வேலையில் தூங்கும். எவ்வளவு வலுவானது என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு பயன்படுகிறது என்பது வேறு கேள்வி. ஓட்டும் சுகம் இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது என்பது என் முடிவு. சாலைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு சுகம்.

இந்தக் கணக்கில் மூன்றில் முதலிடம் யாருக்கு? ஐகானுக்குத்தான். ஹெரால்டைவிட இரு மடங்கு சக்தி, நம்பகமான பிரேக், பின்பக்கம் முன்னே வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனாலும் வளைவுக்கு வளைவு கியர் மாற்றி வேலை செய்தாக வேண்டும். 1990களின் கடைசியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த கார்களைப் பலர் இன்னமும் தேடிப்பிடித்து வாங்குவதற்கு இந்த நடுநிலைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கைக்கு வரும் செய்தி

சக்தி மட்டும் அல்ல, இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஸ்டியரிங் நம்மிடம் பேசுகிற விதம்.

கார் வளைவில் போகும்போது முன் டயர்கள் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கும். அந்த எதிர்விசையை நம் கைகள் கனமாக உணரும். வேகம் கூடக்கூடக் கனமும் கூடும். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது ஒரு விசேஷம் நடக்கிறது: வழுக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தக் கனம் குறைய ஆரம்பிக்கும். 'இதற்கு மேல் என்னால் முடியாது' என்று டயர் முன்கூட்டியே அனுப்பும் தந்தி அது. பழைய ரேக் அண்ட் பினியனில் அந்தத் தந்தி நேராகக் கைக்கு வந்தது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் கொஞ்சம் மங்கியது. இன்றைய மின் ஸ்டியரிங்கில் நடுவே ஒரு மோட்டாரும் ஒரு கணினி நிரலும் உட்கார்ந்திருக்கின்றன. கைக்கு எவ்வளவு செய்தி போகலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. நல்ல நிரல் எழுதியவர்கள் நிறையச் செய்தியை விட்டுவைக்கிறார்கள். கேமன் அந்த வகை. பல கார்களில் எதுவுமே வராது.

ஒகேனக்கலில் பரிசலில் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வட்டப் பரிசலுக்கு முன், பின் கிடையாது. சுக்கானும் கிடையாது. ஒற்றைத் துடுப்புதான். அந்தத் துடுப்பு வழியாகவே அடியில் இழுப்பு எப்படி இருக்கிறது, எங்கே சுழல் என்று பரிசல்காரர் தெரிந்துகொள்கிறார். அவருக்கு விசைப்படகு ஒன்றைக் கொடுத்தால் வேகமாகப் போவார். ஆனால் ஆற்றோடு இருந்த அந்தப் பேச்சு நின்றுபோகும்.

மறுபக்கம்: தொப்பூர்

இவ்வளவு சொன்னபிறகு 'பழசே பொன்' என்று முடித்தால் அது நேர்மையாக இருக்காது. தருமபுரி மாவட்டத்துக்காரர்களிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. இதே மாவட்டத்தில்தான் தொப்பூர் கணவாய் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் அந்த நீண்ட இறக்கம் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் லாரி, பிரேக்கை மட்டுமே நம்புகிறது. பிரேக் சூடேறுகிறது. ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். மிதிக்கிறோம், வண்டி நிற்பதில்லை. டிரம் பிரேக்கில் சூடு சீக்கிரம் வெளியேறாது என்பதால் பழைய கார்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒகேனக்கல் இறக்கத்தில் ஹெரால்டை ஓட்டும்போது சேலத்து நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்." பழைய லாரி டிரைவர்கள் மந்திரம் மாதிரி சொல்கிற விதி. வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும், பிரேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்.

பழைய காரில் மோதினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஹெரால்டில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை. பிரேக் பிடித்தபோது சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் வெறும் அலங்காரம்தான். ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் கட்டுப்பாட்டு முறை 1995இல் வந்தது. இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019இல்தான். ஹெரால்டின் பின்பக்கம் சுற்றும் அந்தத் தருணத்தைக் கேமனின் கணினி நமக்குத் தெரியாமலேயே அடக்கிவிடும். நமக்குச் சுகம் குறைந்தது என்றா புலம்புவது? குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து இறங்கும்போது எந்தக் காரில் போவேன் என்று கேட்டால், யோசிக்காமல் புதிய கார் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒன்று. பழைய கார்கள் தந்த சுகத்தோடு ஒரு பயமும் சேர்ந்து வந்தது. அந்தப் பயம் ஒரு படிப்பைத் தந்தது. புதிய கார் பயத்தை எடுத்தபோது அந்தப் படிப்பையும் சேர்த்து எடுத்துவிட்டது. சனி, ஞாயிறு காலைகளில் அஞ்செட்டி வழியாகவும் பென்னாகரம் வழியாகவும் வரும் வண்டிகளைப் பாருங்கள். யானை கடக்கும் காட்டுச்சாலையில் கார் தருகிற தைரியத்தைத் தன் சொந்தத் திறமை என்று நம்பி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! ஹெரால்டு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே 'போதும்ப்பா' என்று சொல்லிவிடும். புதிய கார் நூறு வரை எதுவும் சொல்லாது. அது சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

தயாரிப்பாளர்களுக்கும் தெரியும்

சுகம் எங்கே போனது என்பது கார் செய்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. 2012இல் டொயோட்டா, ஜிடி86 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது, தன் பிரியஸ் ஹைப்ரிட் காரில் போடும் அதே வகைச் சாதாரண டயரை வேண்டுமென்றே அதற்குப் போட்டது. பிடிப்பு குறைந்தால் குறைந்த வேகத்திலேயே காரோடு விளையாடலாம் என்பதுதான் நோக்கம். 1992இல் மெக்லாரன் எஃப்1 காரைப் பவர் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் வடிவமைத்த கார்டன் மர்ரி, பின்னாளில் டி.50 காரை 1,000 கிலோவுக்குள் அடக்கினார். ஆனால் அது பெரும் கோடீசுவரர்களுக்கான கார்.

மின்சாரக் கார்கள் வந்தபிறகு நிலைமை இன்னும் வேடிக்கை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடத்துக்கு அருகிலேயே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரை 2023இல் அறிமுகம் செய்தது. எடை இரண்டு டன்னுக்கு மேல். மின்சாரக் காருக்குக் கியர் மாற்றும் வேலையே இல்லை. இருந்தாலும் அதில் எட்டு கியர் இருப்பதுபோல ஒரு பாவனை, கியர் மாறும்போது ஒரு குலுக்கல், இன்ஜின் போலச் சத்தம், எல்லாவற்றையும் நிரலாக எழுதி வைத்திருக்கிறார்கள். மென்பொருள்காரனாக அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் குறை என்று எல்லாரும் சேர்ந்து ஒழித்ததை, இப்போது சிறப்பம்சம் என்று காசு வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறோம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

எல்லாரும் ஹெரால்டு வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உதிரிபாகத்துக்கு அலைந்தே ஆயுள் போய்விடும். சக்திவாய்ந்த கார் வைத்திருக்கிறவர்கள் அதன் முழுத் திறமையையும் பார்க்க ஆசைப்பட்டால், இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் அதற்குத்தான் இருக்கின்றன. எதிரே பேருந்து வராத, யானை கடக்காத இடங்கள். அங்கே போய் ஒரு நாள் பயிற்சி எடுத்தால், தன் கார் எந்த இடத்தில் 'முடியாது' என்று சொல்லும் என்பதாவது தெரியவரும்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. கியர் மாற்றி ஓட்டும் சாதாரணச் சின்னக் கார் வீட்டில் இருந்தால், அடுத்த தடவை ஒகேனக்கல் போகும்போது வேகத்தைக் கூட்டாமல், பிரேக்கை முடிந்தவரை குறைவாகத் தொட்டு, சரியான கியரில் ஒவ்வொரு வளைவையும் எடுத்துப் பாருங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைந்திருக்க வேண்டும். பின் இருக்கையில் தூங்குகிறவர்கள் விழிக்கக் கூடாது. மணிக்கு நாற்பதைத் தாண்ட வேண்டிய அவசியமே இருக்காது. சோழவரத்தில் நாற்பது குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஓட்டியவர்களுக்குக் கிடைத்த சுகத்தில் ஒரு பங்கு அதிலேயே கிடைக்கும், லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவும் கிடைக்கும்.